மெக்னீசியம் ஏன் மின்கடத்தியாக இருக்கிறது?

கேள்வி: ஆற்றல் பட்டை பகுதியளவே நிரம்பியிருப்பதால்தான் உலோகங்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று படித்தேன். சோடியத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் மெக்னீசியத்தின் 3எஸ் என்ற வெளி ஆற்றல் மட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்களும் இருந்து, அது நிரம்பிவிடுகிறதே? பிறகு எப்படி அது கடத்தியாகிறது?
– பிளஸ் டூ மாணவி, கரூர்

பதில்: நல்ல இடத்தில் எழுந்த ஐயம். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கடல்போல் பரவிக் கிடக்கின்றன என்ற வழக்கமான வர்ணனையோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

தனித்த அணுவில் ஒற்றை மட்டமாக இருப்பது, அணுக்கள் நெருங்கிப் படிகமாகும்போது, அணுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல மட்டங்களாகப் பிரிகிறது. ஒரு கிராம் மெக்னீசியத்தில் ஏறத்தாழ 2.5 × 10²² அணுக்கள் இருப்பதால், பிரிந்த மட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாற்போல் நெருங்கிப் பட்டையாகிவிடுகின்றன. கணக்குக்கு 1000 அணுக்கள் என்று கொள்வோம். பௌலியின் தவிர்க்கைத் தத்துவப்படி ஒரு மட்டத்தில் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்களே இருக்க முடியும் என்பதால், 3எஸ் பட்டையில் 2000 இடங்கள் உண்டு. சோடியம் அவற்றில் 1000 இடங்களையே நிரப்புகிறது. மெக்னீசியமோ 2000 இடங்களையும் நிரப்பியாக வேண்டும்.

நிரம்பிய பட்டையில் ஒரு திசையில் செல்லும் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் எதிர்த்திசையில் செல்லும் இன்னொன்று இருக்கும். மின்புலம் இந்தச் சமநிலையைக் குலைக்க வேண்டுமானால், எலக்ட்ரான் ஆற்றலில் சற்றே உயர்ந்த ஒரு காலி இடத்துக்கு நகர வேண்டும். அங்கே காலி இடமே இல்லை. வைரத்தில் இதுதான் நிலை: அடுத்த பட்டை சுமார் 5.5 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் சிறு அலகு) உயரத்தில் இருக்கிறது. அறை வெப்பம் தரக்கூடியதோ ஏறத்தாழ 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான்.

மெக்னீசியத்தில் அந்த இடைவெளி இல்லை. வெறுமையாக இருக்க வேண்டிய 3பி மட்டமும் படிகத்தில் அகன்ற பட்டையாகிறது; அதன் அடிப்பகுதி 3எஸ் பட்டையின் உச்சியைவிடத் தாழ்வாக இறங்கிவிடுகிறது. எலக்ட்ரான்கள் குறைந்த ஆற்றலுள்ள இடங்களையே முதலில் நிரப்பும் என்பதால், 3எஸ் பட்டையின் உச்சி நிரம்பும் முன்பே ஒரு பகுதி 3பி பட்டைக்குள் வழிந்துவிடுகிறது. ஆக, இரண்டு பட்டைகளுமே பகுதியளவுதான் நிரம்புகின்றன. (உண்மையான படிகத்தில் எஸ், பி என்ற பாகுபாடே கலந்துபோய்விடும், பெயர்கள் நம் வசதிக்காக.) இதன் விளைவு அளவீட்டிலும் தெரிகிறது: மெக்னீசியத்தின் மின்தடை எண் (குறைவாக இருந்தால் நன்கு கடத்தும்) சுமார் 4.4 × 10⁻⁸ ஓம் மீட்டர். பாதி நிரம்பிய சோடியத்துக்கோ சுமார் 4.8 × 10⁻⁸.

வரலாற்றிலும் சிக்கல் இந்தப் பக்கமே இருந்தது. ஒழுங்கான படிகத்துக்குள் எலக்ட்ரான் அலை தடையின்றிச் செல்லும் என்று 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டியபோது, எல்லாத் திண்மங்களும் கடத்த வேண்டுமே என்ற கேள்விதான் மிஞ்சியது. நிரம்பிய பட்டை கடத்தாது என்று 1931இல் ஆலன் வில்சன் அதற்கு விடை தந்தார். உங்கள் பாடத்தில் வரும் கால்சியம், துத்தநாகம் போன்ற மற்ற இரு இணைதிற உலோகங்கள் (வெளிமட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளவை) கடத்துவதற்கும் பட்டைகளின் மேற்பொருந்துதலே காரணம்.