இசை கேள்வி – பதில்: மெட்டாலிகா மீண்ட கதை

கேள்வி: பழைய ராக் குழு எதுவானாலும், புதிய ஆல்பம் வந்த மறுநாளே 'பழைய ஃபார்முக்குத் திரும்பிவிட்டார்கள்' என்று விமர்சகர்கள் எழுதிவிடுகிறார்கள். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தப் பாராட்டுக்கு அது தகுதியானதுதானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தகுதியானது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அதை விளக்க, அந்தக் குழு எந்த நிலையிலிருந்து மீண்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2001 ஜனவரியில் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். அதே ஆண்டின் நடுவில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து விடுபடச் சிகிச்சைக்குச் சென்றார். ஒலிப்பதிவு மாதக்கணக்கில் நின்றுபோனது. குழுவினர் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசுவதற்கே ஓர் ஆலோசகர் உடன் அமர வேண்டியிருந்தது என்பதை 2004இல் வெளியான அவர்களுடைய ஆவணப்படத்தில் காணலாம். அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே உருவாகி 2003 ஜூனில் வெளிவந்தது 'செயின்ட் ஆங்கர்'.

அந்த ஆல்பத்தில் இருந்த கோபம் பொய்யானதல்ல. பாடல்களுக்குத்தான் எலும்புக்கூடு இல்லாமல் போயிற்று. நால்வரும் கூடி வாசித்துப் பார்த்த துண்டுகளைக் கணினியில் வெட்டி ஒட்டிப் பாடலாக்கியதால், ஒரு பகுதிக்குப் பின் ஏன் இன்னொரு பகுதி வருகிறது என்பதற்குப் பல இடங்களில் காரணமே தென்படாது. கிர்க் ஹாமெட் போன்ற ஒரு லீட் கிட்டார் கலைஞரைக் குழுவில் வைத்துக்கொண்டு, முழு ஆல்பத்திலும் அவருக்கு ஒரு லீட்கூட, அதாவது தனித்து ஒலிக்கும் கிட்டார் வாசிப்பு ஒன்றுகூட, கொடுக்கவில்லை. லார்ஸ் உல்ரிச் தம் ஸ்நேர் ட்ரம்மின் அடியிலுள்ள கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்ததால், ஒவ்வொரு அடியும் வெறும் உலோகமாக அதிர்ந்து நீண்டது. ரசிகர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

'டெத் மேக்னடிக்'கில் மீண்டு வந்தது வேகமோ ஆவேசமோ மட்டும் அல்ல, அவை 2003இலும் இருந்தன. மீண்டு வந்தது பாடலைக் கட்டும் பொறுமை. ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறிய கிட்டார் வரியை) எடுத்துக்கொண்டு, அதைச் சற்றே திருப்பி, தாளத்தை மாற்றி, லீடுக்கு வழிவிட்டு, பிறகு கேட்பவர் எதிர்பாராத ஓரிடத்தில் முதல் ரிஃப்புக்கே கொண்டுவந்து சேர்க்கும் அந்தக் கலையை 1984 முதல் 1988 வரையிலான மூன்று ஆல்பங்களில் அவர்கள் தேர்ச்சியோடு கையாண்டிருந்தார்கள். பின்னர் சிறிய பாடல்களை நாடியபோது அதைக் கைவிட்டார்கள். 'செயின்ட் ஆங்கர்', 'டெத் மேக்னடிக்' இரண்டுமே ஏறத்தாழ 75 நிமிடம் ஓடுபவை. முதலாவதை முழுவதும் கேட்டு முடிப்பது கடினம். இரண்டாவதில் 'ஆல் நைட்மேர் லாங்' போன்ற எட்டு நிமிடப் பாடல் முடிந்ததே தெரியாது. குறை இல்லாமல் இல்லை: 'சூயிசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்' என்ற வாத்திய இசை பத்து நிமிடம் நீள்கிறது, அவ்வளவு நேரத்தைத் தாங்கும் மெட்டு அதில் இல்லை.

கேள்வி: தயாரிப்பாளர் ரிக் ரூபின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே அதிகம் வருவதில்லை என்கிறார்கள். அப்படியிருக்க இந்த ஆல்பத்தின் பெருமையில் அவருக்கு என்ன பங்கு?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பெரிய பங்கு. ரூபினின் வேலை, பொத்தான்களைத் திருகுவதற்கு வெகுமுன்னரே தொடங்கிவிடும். 1986இல் ஸ்லேயர் என்ற அதிவேக மெட்டல் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தையும், 1994இல் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் ஒற்றைக் கிட்டாருடன் பாடிய ஆல்பத்தையும் தயாரித்தவர் அவர். இவ்விரண்டுக்கும் ஒலியில் எந்த உறவும் கிடையாது. ஆனால் இரண்டிலும் அந்தக் கலைஞருக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் அவர் அகற்றியிருக்கிறார்.

மெட்டாலிகாவிடமும் அதைத்தான் செய்தார். 1991இன் கறுப்பு ஆல்பம் முதல் 'செயின்ட் ஆங்கர்' வரை பாப் ராக் என்ற ஒரே தயாரிப்பாளருடன் பணியாற்றிய குழு அது. புதிதாக வந்த ரூபின், 'மெட்டாலிகா என்ற பெயரே உங்களுக்கு இல்லை, வெற்றிப் பாடல் எதுவும் உங்கள் கையில் இல்லை, குழுக்களுக்கு இடையிலான ஒரு போட்டியில் நீங்கள் ஜெயித்தாக வேண்டும்; அப்போது எதை வாசிப்பீர்கள்?' என்ற பொருள்படக் கேட்டார். எண்பதுகளில் தாங்கள் செய்ததை நினைத்துப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்த ஒரு குழுவுக்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வெளியாள் ஒருவர் சொன்னது பெரும் விடுதலையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமானது அவர் விதித்த ஒழுங்கு. பாடல்கள் முழுமையாக எழுதப்பட்டு, நால்வருக்கும் மனப்பாடமாகும்வரை ஒத்திகை பார்த்த பிறகே ஒலிப்பதிவு என்று நிபந்தனை வைத்தார். கூடத்தில் உட்கார்ந்து பாடலைத் தேடிய முந்தைய முறைக்கு இது நேர் எதிரானது. கிட்டார்களும் பெரும்பாலும் வழக்கமான ஈ ட்யூனிங்குக்குத் திரும்பின. 2003இல் தளர்ந்த கம்பிகளில் குழம்பிக் கேட்ட ரிஃப்கள் இப்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்துக் கேட்கும் கூர்மையைப் பெற்றன. அன்றாட ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டவர் கிரெக் ஃபிடெல்மன். ரூபின் எத்தனை நாள் கூடத்தில் இருந்தார் என்ற கணக்கு எனக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. கூடத்துக்குள் என்ன போக வேண்டும் என்பதை அவர் தீர்மானித்துவிட்டார்.

கேள்வி: இந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டால் இருபது நிமிடத்திலேயே தலை வலிக்கிறது. ட்ரம் அடிக்கும்போதெல்லாம் பொரிவது போன்ற ஓசை வருகிறது. என் ஹெட்ஃபோனில் பழுதா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் ஹெட்ஃபோன் நன்றாகவே இருக்கிறது, பழுது இசைத்தட்டிலேயே இருக்கிறது. இவ்வளவு நல்ல பாடல்களுக்கு நேர்ந்த இந்தக் கதி எனக்கு இன்றும் வருத்தம் தருவது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிஜிட்டல் பதிவில் ஒலி எட்டக்கூடிய உச்சவரம்பு ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒரு துளியும் போக முடியாது. இயல்பான பதிவில் ட்ரம்மின் அடி மட்டும் அந்த வரம்பை நெருங்கும், கிட்டாரும் குரலும் அதற்குக் கீழே இருக்கும். அந்த இடைவெளிதான் அடிக்கு விசையைத் தருகிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து, தங்கள் தட்டு மற்றத் தட்டுகளைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி இசை நிறுவனங்களிடையே மூண்டது. வரம்பை உயர்த்த வழி இல்லாததால், கம்ப்ரஷன், லிமிட்டர் ஆகியவற்றைக் கொண்டு உச்சங்களை அமுக்கி, அமுங்கிய மொத்தத்தையும் மேலே தூக்கினார்கள். டீக்கடை வானொலிப் பெட்டியைக் கடைசிவரை திருகி வைத்தாற்போல, மெல்லிய இடமும் வலிய இடமும் ஒரே மட்டத்தில் அலற ஆரம்பித்தன. அதற்கு மேலும் தூக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். நீங்கள் கேட்கும் பொரிவது போன்ற ஓசை அந்த வெட்டுதான். 'ப்ரோக்கன் பீட் அண்ட் ஸ்கார்ட்' பாடலில் ட்ரம் அடிகளை மட்டும் கவனித்துக் கேளுங்கள், உடனே பிடிபடும்.

இது எப்படி அம்பலமானது என்பது சுவையானது. ஆல்பம் வெளிவந்த அதே சமயத்தில் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டிலும் இதே பாடல்கள் வெளியாயின. விளையாட்டுக்கு ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தேவை என்பதால், இறுதியாக அமுக்கப்படுவதற்கு முந்தைய பதிவுகள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டார்கள்; விளையாட்டில் ட்ரம் நெஞ்சில் அறைந்தது, விலை கொடுத்து வாங்கிய தட்டில் வெறும் இரைச்சல் கேட்டது. ஆல்பத்தை மறுபடியும் கலந்து வெளியிடக் கோரும் விண்ணப்பத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் கடைசி வேலை) செய்த டெட் ஜென்சன், தம் கைக்கு வரும்போதே அந்தக் கலவை அமுக்கப்பட்டிருந்தது என்றும், அதில் தமக்குப் பெருமை இல்லை என்றும் ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே தெரிந்துவிட்டது. உல்ரிச்சோ, அந்த ஒலியில் தமக்குத் திருப்தியே என்றார். இந்த விஷயத்தில் நான் ரசிகர்கள் பக்கம்தான்.

உங்களுக்கு என் யோசனை: 2015இல் ஐட்யூன்ஸுக்காக மறுபடியும் மாஸ்டரிங் செய்து வெளியிட்ட வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். அதில் அமுக்கம் குறைவு, தலைவலியும் குறையும்.

கேள்வி: ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் இந்த ஆல்பத்தில் கேட்கிறதா? 1988இல் நியூஸ்டெட்டுக்கு நேர்ந்ததுதான் இவருக்கும் நேர்ந்ததா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. 1988இன் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கலவையில் நியூஸ்டெட்டின் பேஸ் ஏறக்குறைய கேட்காமலே போய்விட்டது. 2003 பிப்ரவரியில் குழுவில் சேர்ந்த ட்ருஹியோ, மெட்டாலிகாவுடன் வாசித்த முதல் ஸ்டுடியோ ஆல்பம் 'டெத் மேக்னடிக்' ('செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் தயாரிப்பாளர் பாப் ராக்). 'சயனைட்' பாடலின் இடைப்பகுதிகளில் அவருடைய விரல்களின் அழுத்தத்தையே கேட்கலாம்.

கேள்வி: மெட்டாலிகாவை இதுவரை கேட்டதில்லை. இந்த ஆல்பத்தில் எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நான்காவது பாடலான 'தி டே தட் நெவர் கம்ஸ்' ஏற்றது. இந்தக் குழுவின் பழைய பாடல்களான 'ஃபேட் டு பிளாக்', 'வெல்கம் ஹோம்', 'ஒன்' ஆகிய மூன்றும் தத்தம் ஆல்பங்களில் நான்காவதாக வைக்கப்பட்டவை. மூன்றும் மெதுவாகத் தொடங்கிக் கனத்த முடிவை நோக்கிப் போகின்றவை. அந்த மரபைப் பழகிய ரசிகர்களுக்கு இந்தப் பாடலின் முதல் சில நொடிகளே சேதி சொல்லிவிட்டன.

தொடக்கத்தில் இரைச்சல் கலக்காத கிட்டார் ஒலி மட்டும் தனித்து வருகிறது. ஹெட்ஃபீல்ட் அடிக்குரலில், அடிவாங்கி வளரும் ஒரு பிள்ளையின் மனநிலையைப் பாடுகிறார். பல்லவியில்தான் கனத்த கிட்டார்கள் நுழைகின்றன, நுழைந்த வேகத்தில் விலகியும் விடுகின்றன. இப்படி இருமுறை நிகழ்ந்த பிறகு, பாடல் முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் வேளையில் தாளம் முறுகி வேகமெடுக்கிறது. அங்கிருந்து குரலுக்கு வேலை இல்லை. இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு ஸ்தாயியில் இணையாக வாசித்துக்கொண்டு போக, ஹாமெட்டின் லீட் அதிலிருந்து பிரிந்து மேலேறுகிறது. எட்டு நிமிடப் பாடலின் கடைசி மூன்று நிமிடங்களைச் சொல்லே இல்லாமல் கேட்பவரிடம் ஒப்படைக்கும் துணிச்சல் 2003இன் மெட்டாலிகாவிடம் இல்லை.

கேள்வி: இதற்குப் பின் வந்த 2016, 2023 ஆல்பங்கள் இதே தரத்தில் உள்ளனவா?
– வாசகர், மதுரை

பதில்: 2016 நவம்பரில் வந்த 'ஹார்ட்வயர்ட்... டு செல்ஃப்-டெஸ்ட்ரக்ட்' ஒலியில் இதைவிடத் தெளிவானது. ஃபிடெல்மன் அதில் இணைத் தயாரிப்பாளராகவே பொறுப்பேற்றார். தொடக்கப் பாடலும், 'ஸ்பிட் அவுட் தி போன்' என்ற கடைசிப் பாடலும் முதல் தரம். நடுவில் உள்ள பலவற்றைச் சுருக்கியிருக்கலாம். நூற்றுக்கணக்கான ரிஃப்களைச் சேமித்து வைத்திருந்த கைபேசியை ஹாமெட் தொலைத்துவிட்டதால், அந்த ஆல்பத்தின் பாடல் ஆக்கத்தில் அவர் பெயரே இல்லை, அந்த இழப்பு கேட்கும்போது தெரிகிறது. 2023 ஏப்ரலில் வந்த '72 சீசன்ஸ்' ஆல்பத்தில் அவர் ஆக்கத்துக்குத் திரும்பினார், ட்ருஹியோவும் அதில் பங்கெடுத்தார். அதன் கடைசிப் பாடலான 'இனமொராட்டா' 11 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அந்தக் குழு எழுதிய பாடல்களிலேயே நீளமானது அது. அதன் நடுவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, பேஸ் மட்டும் மெல்ல நடந்து, மற்றவர்களைத் திரும்ப அழைத்துவரும் ஒரு பகுதி உண்டு. அதை 'ஆல் நைட்மேர் லாங்'குக்குச் சமமாகவே வைப்பேன். மொத்த ஆல்பமாகப் பார்த்தால் 'டெத் மேக்னடிக்'தான் இன்னும் முன்னே நிற்கிறது.