வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம்: நம்ம ஊர்க் கேள்விகளும் பதில்களும்

நான் தஞ்சாவூர்க்காரி. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. டெல்டா பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மன்னார்குடியிலிருந்து: அக்கா, அக்டோபரில் ஜெர்மனியில் முதுகலை சேர்கிறேன். பாடப்புத்தகம் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு வரவா?

வேண்டாம் தம்பி, அந்த எடைக்குப் புளியும் சாம்பார்பொடியும் எடுத்து வா. மாணவர் அட்டைதான் பெரும்பாலும் நூலக அட்டையும். மின்னூல்களை அறையில் இருந்தே, பல்கலைக்கழக வலைப்பின்னலோடு இணைக்கும் விபிஎன் போட்டுப் படிக்கலாம். உன் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், ஃபெர்ன்லைஹே என்று பெயர், பொதுவாக ஒரு புத்தகத்துக்கு ஒன்றரை யூரோ. அப்புறம், ஒவ்வொரு துறைக்கும் ஒரு நூலகர் இருப்பார். ‘தலைப்பு இது, இங்கெல்லாம் தேடினேன், இந்த இடத்தில் நிற்கிறேன்’ என்று மூன்று வரி மின்னஞ்சல் போட்டால் உட்கார்ந்து பேச நேரம் கொடுப்பார். நம் பிள்ளைகள் தொந்தரவாகிவிடுமோ என்று தயங்கி, கடைசி மாதத்தில்தான் வந்து நிற்பார்கள். தயங்காதே, அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

மயிலாடுதுறையிலிருந்து: மேடம், தரங்கம்பாடி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூல ஆவணங்களுக்கு வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா?

முதலில் வீட்டிலிருந்தே பாதி வேலையை முடியுங்கள். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது, அதனால் நிர்வாகக் காகிதங்கள் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் மிஷன் காகிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறக்கட்டளையில். ஹாலேயில் அச்சிட்ட மிஷன் அறிக்கைகளை இணையத்தில் இலவசமாகவே புரட்டலாம். சிக்கல் எங்கே என்றால், அச்சு பழைய கோதிக் எழுத்து, கடிதங்களோ குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து, இன்றைய ஜெர்மானியர்களே தடுமாறுவார்கள். ட்ரான்ஸ்கிரிபுஸ் மென்பொருள் ஓரளவு படித்துத் தரும், ஆனால் ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் நம்பிவிடாதீர்கள், பொறையாறு என்னவாகவெல்லாம் மாறும் என்று பார்த்தால் சிரிப்பு வரும். காப்பகத்துக்கு எழுதும்போது ‘தரங்கம்பாடி பற்றி எல்லாம் வேண்டும்’ என்று எழுதினால் பட்டியலின் இணைப்பை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஆண்டு, ஆள், ஆவண எண் மூன்றும் போட்டால்தான் நடக்கும்.

தஞ்சாவூர், கீழவாசலிலிருந்து: எங்கள் மாடியில் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வு மாணவி குடியிருக்கிறார். சரஸ்வதி மகாலில் சுவடி பார்க்க எப்படிப் போவது என்று என்னைக் கேட்கிறார், எனக்கென்ன தெரியும்?

நம்ம ஊருக்கு வந்தவரை விடலாமா! ஆய்வு வழிகாட்டியின் கடிதம், பாஸ்போர்ட் நகல், பார்க்க வேண்டிய சுவடிகளின் எண்கள், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எண்தான் முக்கியம். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் 1880-இல் வெளியிட்ட சமஸ்கிருதச் சுவடிப் பட்டியலில் ஓர் எண் இருக்கும், பின்னால் வந்த விவரப் பட்டியலில் வேறு எண் இருக்கும், ஐரோப்பியக் கட்டுரைகள் பலவற்றில் பர்னல் எண்ணைத்தான் போட்டிருப்பார்கள். பிந்தைய பட்டியலில் பர்னல் எண்ணும் கூடவே இருக்கும், அதை வைத்து இரண்டையும் பொருத்திக்கொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம். மராத்தியர் காலத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்கள் வேண்டுமென்றால் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து: தனியார் கல்லூரியில் படிக்கிறேன். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தும் எனக்கு ஒரு கட்டுரைகூடத் திறக்கவில்லையே?

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் திட்டம் அது, 2025 ஜனவரியில் தொடங்கிய முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். எனக்கும் இதில் வருத்தம் உண்டு, நம்ம பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் தனியார் கல்லூரியில்தானே இருக்கிறார்கள். இப்போதைக்கு உலாவியில் அன்பேவால் (Unpaywall) நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டும். இல்லையென்றால் கட்டுரையை எழுதியவருக்கே எழுதிக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஆடுதுறையிலிருந்து: நெல் ரகங்கள் பற்றிய பழைய ஆய்வேடுகள்?

வேளாண்மைக்கு கிருஷிகோஷ், மற்ற துறைகளுக்கு ஷோத்கங்கா என்று இணையத்தில் ஆய்வேட்டுக் களஞ்சியங்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

திருவாரூரிலிருந்து: அங்கே தமிழ்ப் புத்தகம் கிடைக்குமா அக்கா?

கிடைக்கும். ஹைடெல்பெர்க் தெற்காசிய நிறுவன நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன. நீங்கள் வேறு ஊரில் இருந்தால், மேலே சொன்ன ஃபெர்ன்லைஹேயில் வரவழைக்கலாம், அதே ஒன்றரை யூரோ.