உபரி அறைக்கு உதவி வெட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் 'பெட்ரூம் டாக்ஸ்' என்று மக்கள் சொல்லும் வாடகை உதவி வெட்டைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். போவதற்குச் சின்ன வீடு இல்லாத ஊரில், சின்ன வீட்டுக்குப் போகாததற்காக ஏழைகளின் பணத்தைக் குறைப்பது அநியாயம் என்பதுதான் அதன் சாரம். ஆதரித்தும் திட்டியும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: லண்டனில் கவுன்சில் வீட்டில் இருக்கும் என் சித்தி, ஓர் அறை கூடுதலாக இருக்கிறது என்று வாடகை உதவியைக் குறைத்துவிட்டார்கள் என்கிறார். அறை இருப்பதற்கெல்லாம் வரியா? — கோவை வாசகர்

பதில்: மக்கள் பேச்சில்தான் வரி, உண்மையில் அது உதவிப் பணத்தில் வெட்டு. பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்கள் வாடகை கட்ட அரசு உதவுகிறது. முன்பு அது ஹவுசிங் பெனிஃபிட் என்று தனியாக வந்தது, இப்போது பெரும்பாலோருக்கு, பல உதவிகளைச் சேர்த்துத் தரும் யுனிவர்சல் கிரெடிட்டுக்குள் ஒரு பகுதியாக வருகிறது. கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் கூட்டணி ஆட்சி நடத்திய காலத்தில், 2012-ல் ஒரு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 2013 ஏப்ரல் 1 முதல், கவுன்சில் வீடுகளிலும் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்குக் கொடுப்பவை) ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளிலும் (லாப நோக்கமில்லாத வீட்டு அமைப்புகள் கொடுப்பவை) உதவி பெற்று வாழும் உழைக்கும் வயதினருக்குத் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால், உதவிக்குக் கணக்கில் எடுக்கும் வாடகையில் 14 சதவீதத்தையும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதத்தையும் குறைத்துவிடுவார்கள். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு இது இல்லை.

வாடகை வாரம் 100 பவுண்டு என்றால் ஓர் அறைக்கு 14 பவுண்டு போகும். இங்கிருந்து பார்த்தால் சின்னத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் 25 வயதைத் தாண்டிய, வேலையில்லாத தனி ஆளுக்கு வாரத்துக்குக் கிடைத்த உதவியே 71 பவுண்டு 70 பென்ஸ். சாப்பாடு, கரண்ட், கேஸ், பஸ், போன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் என்ன மிஞ்சும்? வெட்டு அமலுக்கு வருவதற்கு முன்பே அரசு போட்ட கணக்கில் பாதிக்கப்படுவோர் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தார். இது தெரிந்தேதான் செய்தார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

கேள்வி: நான் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஐந்து பேர், இரண்டே அறை, நானும் மனைவியும் மாறி மாறி ஷிப்ட் போகிறோம். எங்கள் வரிப் பணத்தில் இன்னொருவர் காலி அறையோடு வாழ வேண்டுமா? நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறீர்கள். — ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அன்றைய நலத்திட்ட அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் தரப்பு சொன்ன வாதமும் ஏறத்தாழ இதேதான்: தனியார் வாடகைக்காரர்களுக்கு 2008-லிருந்தே, முந்தைய லேபர் ஆட்சியில், குடும்ப அளவை வைத்துத்தான் உதவி கணக்கிடப்படுகிறது, கவுன்சில் குடித்தனக்காரர்களுக்கு மட்டும் ஏன் சலுகை, ஒரு பக்கம் அறைகள் காலியாகக் கிடக்க இன்னொரு பக்கம் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது சரியா என்று. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் 2008 விதி புதிதாக உதவி கேட்டவர்களுக்கும் வீடு மாறியவர்களுக்கும்தான் பொருந்தியது. ஒரு வீட்டைப் பார்த்து, வாடகையைக் கணக்குப் போட்டு, கட்டுப்படியாகுமா என்று யோசித்துக் குடிபோகிறவருக்கு அது முன்பே தெரிந்த விதி. 2013 விதியோ இருபது முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்து ஆளாக்கியவர்கள் மேல் வந்து விழுந்தது. அதிலும் பலர் அந்த வீட்டைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. கவுன்சில் எதைக் கொடுத்ததோ அதில் குடியேறினார்கள். குறிப்பாக வட இங்கிலாந்தில், போருக்குப் பிறகு கட்டப்பட்ட கவுன்சில் வீடுகளில் பெரும்பகுதி குடும்பங்களுக்கான இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகள். தனி ஆளுக்கான ஒற்றைப் படுக்கையறை வீடு குறைவு. ஹவுசிங் அசோசியேஷன்களின் கூட்டமைப்பு அப்போது கொடுத்த கணக்கைப் பாருங்கள்: இங்கிலாந்தில் இரண்டு அறை வீட்டில் ஓர் அறை உபரியாக இருந்த குடித்தனக்காரர்கள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர், ஓராண்டில் காலியான ஒற்றை அறை வீடுகள் சுமார் 85,000. அந்த 85,000-க்கும் ஏற்கெனவே வீடில்லாதவர்களும், காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர்களும் நிற்கிறார்கள். போ என்கிறீர்கள், சரி, எங்கே போவது?

தனியார் வீட்டுக்குப் போகட்டும் என்றால், பல ஊர்களில் தனியார் ஒற்றை அறை வீட்டின் வாடகை கவுன்சிலின் இரண்டு அறை வீட்டு வாடகையைவிட அதிகம். அந்தக் கூடுதல் வாடகைக்கும் உதவிப் பணம் உங்கள் வரியிலிருந்துதான் போக வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு இதனால் ஓர் அறை கூடக் கிடைத்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. நெருக்கடி அதிகம் லண்டனில், வெட்டு கடுமையாக விழுந்ததோ வடக்கில். வடக்கே லிவர்பூலில் ஒரு வீடு காலியானால் லண்டனின் ஹாரோவில் ஷிப்ட் வேலை பார்க்கும் உங்களுக்கு என்ன பயன்? உபரி அறை என்று பார்த்தால், சொந்த வீட்டுக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தேவைக்கு மேல் இரண்டோ அதற்கு அதிகமோ அறைகள் இருக்கின்றன. கவுன்சில் வீடுகளில் அந்த அளவுக்கு இடத்தோடு இருப்பவர்கள் பத்தில் ஒருவர் கூடத் தேறுவது கடினம். 1980-லிருந்து 'ரைட் டு பை' திட்டத்தில் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகளைக் குடித்தனக்காரர்களுக்கே விற்றுவிட்டு, அதற்கு ஈடாகப் புது வீடுகள் கட்டாமல் விட்டதன் விளைவைத்தான் நீங்களும் அனுபவிக்கிறீர்கள், அந்த உபரி அறைக்காரரும் அனுபவிக்கிறார். அதே பேட்டையிலேயே, பழகிய பக்கத்து வீட்டுக்காரர்களை விட்டுப் பிரியாமல், படியேறத் தேவையில்லாத நல்ல ஒற்றை அறை வீட்டைக் கட்டிக் கொடுத்து, சாமான் ஏற்றும் செலவையும் கொடுத்தால், எத்தனையோ பேர் சந்தோஷமாக மாறுவார்கள். அவர்கள் விட்டுப்போகும் பெரிய வீடு உங்களைப் போன்ற குடும்பத்துக்குக் கிடைக்கும். அதைக் கேட்டுச் சண்டை போடுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

கேள்வி: வெட்டுக்குப் பயந்து மக்கள் சின்ன வீட்டுக்கு மாறினார்களா, இல்லையா? — திருச்சி வாசகி

பதில்: மிகச் சிலர்தான். அரசே ஏற்பாடு செய்த ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் கவுன்சில் அல்லது ஹவுசிங் அசோசியேஷனின் சின்ன வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 சதவீதம். 2015 டிசம்பரில் வெளியான இறுதி அறிக்கையிலும் அது 8 சதவீத அளவில்தான் நின்றது. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்து பற்றாக்குறையைத் தாங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் சாப்பாட்டுச் செலவைக் குறைத்ததாக அதே அறிக்கை சொல்கிறது. லீட்ஸ் போன்ற கவுன்சில்கள் சில வீடுகளில் படுக்கையறைக் கணக்கையே மாற்றி எழுதி, முடிந்தவரை குடித்தனக்காரர்களைக் காப்பாற்றின.

கேள்வி: நீதிமன்றம் இதைத் தடுக்கவில்லையா? — மதுரை, சட்டக் கல்லூரி மாணவி

பதில்: முழுதாகத் தடுக்கவில்லை, ஆனால் சில ஓட்டைகளை அடைத்தது. 2016 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நீங்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். அப்போதிருந்த விதியைப் பாருங்கள்: உடல் குறைபாட்டால் இரண்டு குழந்தைகள் ஒரே அறையில் படுக்க முடியாது என்றால் கூடுதல் அறை உண்டு, அதே காரணத்தால் கணவன் மனைவி ஒரே அறையில் படுக்க முடியாது என்றால் கிடையாது. பெரியவருக்கு இரவில் பராமரிப்பாளர் வந்து தங்கினால் அறை உண்டு, குழந்தைக்கு வந்து தங்கினால் கிடையாது. முதுகுத்தண்டு குறைபாடுள்ள மனைவியோடு ஒரே கட்டிலில் படுக்க முடியாத கணவரும், கடுமையான குறைபாடுள்ள பேரனை வளர்க்கும் வேல்ஸைச் சேர்ந்த தாத்தா பாட்டியும் வழக்குப் போட்டு வென்றார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணமே இல்லை என்றது நீதிமன்றம். 2017 ஏப்ரலில் விதி மாறியது.

அதே தீர்ப்பில் தோற்ற ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னாள் துணைவனின் வன்முறைக்குப் பயந்து வாழ்ந்தவர். அவர் உயிரைக் காக்க, வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பு அறை ஒன்று அமைத்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் வாடகை உதவியிலும் வெட்டு விழுந்தது. அரசின் ஒரு கை பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இந்த வீட்டைத் தயார் செய்கிறது, இன்னொரு கை அதே வீட்டைக் காட்டிக் காசைப் பிடுங்குகிறது. அவர் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019 அக்டோபரில் வென்றார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 2021 அக்டோபரில்தான் இப்படிப்பட்ட வீடுகளுக்கு விலக்கு வந்தது.

கேள்வி: மூன்று அறை ஹவுசிங் அசோசியேஷன் வீடு. நானும் கணவரும், மகனுக்கு 9 வயசு, மகளுக்கு 7. ஓர் அறை உபரி என்று யுனிவர்சல் கிரெடிட்டில் குறைக்கிறார்கள். கவுன்சிலில் கதைத்தும் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. — ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி

பதில்: பத்து வயதுக்குக் கீழ் உள்ள இரண்டு பிள்ளைகள், ஆணானாலும் பெண்ணானாலும், ஓர் அறையைப் பகிர வேண்டும் என்பது விதி. ஒரே பாலினம் என்றால் 16 வயது ஆகும்வரை பகிர வேண்டும். அதனால் இப்போதைக்கு அவர்கள் கணக்கு சரிதான் தங்கச்சி. மகனுக்குப் பத்து பிறந்ததும் அவனுக்குத் தனி அறை உரிமை வந்துவிடும், வெட்டு நிற்க வேண்டும். பிறந்தநாள் வந்ததும் உங்கள் யுனிவர்சல் கிரெடிட் கணக்கிலுள்ள ஆன்லைன் ஜர்னலில் எழுதிப் போடுங்கள், அவர்களாகக் கவனித்துத் திருத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இதற்காக இப்போது இரண்டு அறை வீட்டுக்கு மாறினால் அடுத்த வருஷமே மூன்று அறை வீடு தேடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், பிள்ளைகளின் பள்ளியும் மாறும். மாறாதீர்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்திலும் இப்படித்தானா? — சேலம் வாசகர்

பதில்: விதி அங்கேயும் உண்டு, ஆனால் ஸ்காட்லாந்து அரசு தன் பணத்தைப் போட்டு வெட்டு முழுவதையும் ஈடுகட்டுகிறது, விண்ணப்பித்தால் போதும். வடக்கு அயர்லாந்திலும் அரசு ஈடுகட்டும் ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும்தான் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

கேள்வி: இத்தனை எதிர்ப்பு இருந்தும் லேபர் கட்சி இதை ஏன் ஒழிக்கவில்லை? — சென்னை வாசகர்

பதில்: ஒழிப்போம் என்று 2013 செப்டம்பரிலேயே அன்றைய லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் வாக்குக் கொடுத்தார். அதே சமயத்தில் ஐ.நா.வின் வீட்டுரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர், பிரேசிலைச் சேர்ந்த ராகேல் ரோல்னிக், ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசிவிட்டு இதை நிறுத்தி வையுங்கள் என்றார். அதற்கு ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் சேர்மன் கிராண்ட் ஷாப்ஸ் ஐ.நா.வுக்கே புகார் எழுதினார். 2014-ல் லிபரல் டெமாக்ரட் எம்.பி. ஆண்ட்ரூ ஜார்ஜ், விதியைத் தளர்த்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தன் கட்சி கூட்டணியில் இருந்தபோதே கொண்டுவந்த அந்த மசோதா இரண்டாம் வாசிப்பில் 306-க்கு 231 என்று தேறியது. ஆனாலும் சட்டமாகவில்லை.

தொடர்ந்து எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒழிப்போம் என்று சொன்ன லேபர், 2024-ல் ஆட்சிக்கு வந்தபோது அந்த வாக்குறுதி இல்லாமல்தான் வந்தது. காரணம் பணம் என்பது என் எண்ணம். இந்த வெட்டினால் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு அளவுக்கு மிச்சமாகும் என்பது ஆரம்பகாலக் கணக்கு. ஒரு தடவை பட்ஜெட்டில் மிச்சம் என்று எழுதிவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க எந்த நிதியமைச்சருக்கும் மனசு வருவதில்லை. வெட்டு அமலுக்கு வரும் நேரத்தில், 2013 மார்ச் கடைசியில் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் தெருவில் இறங்கியவர்களின் குரலும் இப்போது அடங்கிவிட்டது. சத்தம் குறைந்துவிட்டது என்பதற்காக அநியாயம் நியாயமாகிவிடாது, அந்த வீடுகளில் இன்றைக்கும் மாதாமாதம் பணம் குறைந்துதான் வருகிறது. இதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய பொறுப்பு அங்கே ஓட்டுப் போடுபவர்களுக்கு இருக்கிறது, நம் வாசகர்களில் பலருக்கும் அங்கே ஓட்டு உண்டு.

கேள்வி: கணவர் காலமாகிச் சில வாரங்களே ஆகின்றன. மகன் வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், லீவுக்கு வருவான். இரண்டு அறை கவுன்சில் வீடு, 54 வயசு. வாடகை உதவியைக் குறைப்பார்களா? வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். — கிராய்டனிலிருந்து ஒரு சகோதரி

பதில்: அம்மா, முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள். படிப்புக்காக வெளியே இருந்து வீட்டுக்குத் திரும்பி வரப்போகும் பிள்ளையின் அறையை உபரி என்று கணக்கிடக் கூடாது, அதனால் உங்களுக்கு வெட்டே வரக் கூடாது. மகன் உங்களோடுதான் வசிக்கிறான், லீவுக்கு எப்போது வருவான் என்பதையெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வீட்டில் மரணம் நடந்தால் யுனிவர்சல் கிரெடிட்டில் ஏறத்தாழ மூன்று மாதம் பழைய கணக்கே ஓடும் (பழைய ஹவுசிங் பெனிஃபிட்டில் இருந்தால் ஓராண்டு), அதுவும் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

அப்படியும் குறைத்தால், முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சிட்டிஸன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் அலுவலகத்தில் இலவசமாக உதவுவார்கள், மொழி சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். வாடகைக்குப் பணம் போதவில்லை என்றால் கவுன்சிலிடம் அதற்கென்று தனி உதவி நிதி இருக்கிறது, வாடகைப் பற்றாக்குறைக்கு உதவி வேண்டும் என்று கேளுங்கள். பாக்கி ஏற விடாதீர்கள், பின்னால் வீடு மாற்றிக்கொள்ள நினைத்தாலும் பாக்கிதான் குறுக்கே நிற்கும். சின்ன வீடு உங்களுக்கே பிடிக்கும் என்றால் இன்னொரு கவுன்சில் குடித்தனக்காரரோடு பரஸ்பரம் மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் எழுத்தில் அனுமதி வாங்காமல் சாமானை எடுக்கக் கூடாது. கவுன்சில் வீட்டைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தனியார் வீட்டுக்குப் போவதை மட்டும், யாரிடமாவது ஆலோசனை கேட்காமல் செய்துவிடாதீர்கள். ஒரு தடவை விட்டுவிட்டால் மறுபடி அப்படி ஒரு வீடு கிடைக்க லண்டனில் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.