எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த வெள்ளை

அன்புள்ள டாக்டருக்கு,

என் மகளுக்கு ஐந்து வயது. உட்காருவாள், நடை வரவில்லை. லாமா2 மரபணுக் கோளாறால் வந்த பிறவித் தசைச் சிதைவு என்கிறார்கள். மூளை எம்.ஆர்.ஐ.யில் வெண்பொருள் முழுக்க மாற்றம் என்று ரிப்போர்ட். "மூளையும் போச்சு, இனிமே படிக்கவெச்சு என்ன?" என்கிறார்கள் வீட்டில். அவளோ பால்கனியிலிருந்து 29சி பஸ்ஸைப் பார்த்து, "பெசன்ட் நகர் போகுது" என்கிறாள். எதை நம்புவது? நான் கட்டியது அத்தை மகளை. அதனால்தானா?

வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

29சி-யை நம்புங்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். மூளைக்குள் நரம்பிழைகள் ஓடும் பகுதியான வெண்பொருள் இரண்டு பக்கமும் பளிச்சென்று வெளுத்துக் கிடக்கும். வேறு சில நோய்களில் இப்படிப் படம் வந்தால் நாங்களே கலங்கிப்போவோம். ஆனால் இந்த நோயில், லாமா2 மரபணுக் கோளாறால் மெரோசின் என்ற புரதம் அறவே இல்லாத பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் ஆறு மாத வயதுக்கு மேல் இந்த வெள்ளை தெரியும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கிறது.

மெரோசின் தசைநாரைச் சுற்றிய மெல்லிய உறையில் இருப்பது. மூளை ரத்தக்குழாய்களின் சுவரிலும் உண்டு. அது இல்லாததால் நீர் கசிந்து வெண்பொருளில் தங்குகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டி2 வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். வீட்டுச் சுவரில் ஓதம் ஏறின மாதிரிதான், சுவர் இடியவில்லை.

ரேடியாலஜிஸ்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மூளையின் மேற்பரப்பு மடிப்புகள், முக்கியமாகப் பின்பக்கத்தில், சரியாக உருவாகியிருக்கின்றனவா? சில பிள்ளைகளுக்கு அங்கே குறை இருக்கும். கற்றல் சிரமமும் வலிப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்க வேண்டும் என்றில்லை. கூப்பிட்டாலும் திரும்பாமல் வெறித்துப் பார்த்தால், மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி சோதனையை எடுத்துவிடுங்கள்.

மற்றபடி, வெள்ளை கூடியிருக்கிறதா என்று வருஷா வருஷம் ஸ்கேனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். கவனம் மூச்சின் மேல் இருக்கட்டும். தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போவதும், காலையில் தலைவலியோடு எழுவதும், அடிக்கடி சளி கட்டுவதும்தான் என்னைப் பயமுறுத்துகிற விஷயங்கள். அப்புறம் முதுகெலும்பு வளைவு.

பள்ளிக்கூடத்தை ஏன் தள்ளிப்போடுகிறீர்கள்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் தசைச் சிதைவும் உண்டு. அடையாள அட்டைக்கு எழுதிப்போடுங்கள், தரைத்தள வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தத்தில் கட்டியதைக் குற்றமாக்க வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ சுமந்த ஒரே பிழை உங்கள் இருவருக்கும் வந்திருக்கலாம். உங்களுக்கு நோய் இல்லை, இரண்டு பிழையும் சேர்ந்த பிள்ளைக்குத்தான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதனால் அடுத்த குழந்தையை யோசிக்கும் முன்பே உங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் கர்ப்பத்தின் 11-வது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். வீட்டில் இன்னொரு மாமன் மகள், அத்தை மகன் கல்யாணப் பேச்சு நடந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.