ஸ்காபரோவில் எட்டாவது மாதம்: ஊரில் ரீச்சராக இருந்த தங்கச்சிக்கு

வணக்கம் தங்கச்சி,

வவுனியாவில் 11 வருடம் கணிதம் படிப்பித்திருக்கிறீர்கள். கணவரின் ஸ்பொன்சரில் இரண்டு பிள்ளைகளோடு கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து 8 மாதம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஊடாக இரவுச் சிப்டில் பெட்டி அடுக்குகிறீர்கள். "காசுக்குக் குறை இல்லை. ஆனால் எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியவில்லை. இங்கே திரும்ப ரீச்சராகலாமா? முடியாவிட்டால் நான் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவை இரண்டு கேள்விகள். முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள். ரீச்சர் அனுமதிக்குக் கடிதம், பரீட்சை, மதிப்பீடு என்று எல்லாம் முடிய வருடங்கள் போகும். மனத்தின் தெம்பு முழுவதையும் அதில் கட்டிவிட்டால், ஊரிலிருந்து ஒரு கடிதம் பிந்தும்போதெல்லாம் நீங்களே தோற்றதுபோல இருக்கும். அனுமதி ஒரு பக்கத்தால் நடக்கட்டும். நாளாந்த வாழ்க்கைக்கான பிடிப்பை வேறு வழியால், இந்த மாதமே தொடங்குங்கள்.

படிப்பித்தல் உங்களுக்குச் சம்பளத்தோடு இன்னொன்றையும் தந்தது. நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் அந்த வகுப்புக்குத் தெரியும். இப்போது நீங்கள் போகாவிட்டால் ஏஜென்சி இன்னொருவரை அனுப்பும், பெட்டிகள் அதே வேகத்தில் ஓடும். வேலை சிறியது என்பதால் வரும் சோர்வு இல்லை இது. உங்களை எதிர்பார்க்க ஆள் இல்லாததால் வருவது. ஆகவே வாரத்தில் ஒரு மணி நேரமாவது யாராவது ஒருவர் உங்களைப் பார்த்துக் காத்திருக்கும் இடம் வேண்டும். அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தாளை எடுத்து, "ரீச்சர்" என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்த 11 வருடத்தில் உண்மையாகவே செய்தவற்றைச் சின்னச் சின்ன வேலைகளாக எழுதுங்கள். கடைசி வாங்குப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கப்படுத்தியது, பெற்றோரோடு கதைத்தது, நேரசூசி போட்டது, விளையாட்டுப் போட்டியில் புள்ளி பதிந்தது. பத்துப் பன்னிரண்டு வரும். அவற்றில் எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியாமல் இருந்தது என்று இரண்டுக்கு மட்டும் அடையாளம் போடுங்கள். அந்த இரண்டுக்கும்தான் இங்கே இடம் தேடவேண்டும். மற்றவற்றை இப்போதைக்கு விடுங்கள்.

பின்னம் விளங்கப்படுத்துவது என்றால் இடம் நிறைய இருக்கிறது. நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி நடக்கும், தொண்டர்களைத் தேடுவார்கள். பள்ளிச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு. ஒரு சபையில் 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அந்த மொழிக்கு வகுப்பு நடத்தவேண்டும் என்பது இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரை நடக்கும். இந்தத் தொடக்கநிலை வகுப்புக்கும் உயர்நிலைப் பள்ளியில் (ஹைஸ்கூல்) கிரெடிட் தரும் தமிழ்ப் பாடத்துக்கும் கேட்கும் தகுதிகள் வேறு, அதனால் எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று தெளிவாகக் கேளுங்கள். பள்ளிக்கூடங்களில் மதிய உணவு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் அளவுதான், காசு குறைவு. ஆனால் அதிபரும் மற்ற ரீச்சர்மாரும் உங்கள் முகத்தைப் பழகிக்கொள்ளும் வாசல் அது.

பிள்ளைகளோடு எந்த வேலை செய்வதென்றாலும் பொலிஸ் பதிவுச் சோதனை கேட்பார்கள், அதிலும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் என்று உள்ள விரிவான வகை. பலர் இங்கேதான் இடறுகிறார்கள். முதலில் நிறுவனம் உங்களை ஏற்றுக்கொண்டு அதற்கான படிவத்தையோ கடிதத்தையோ தரவேண்டும், அதன் பிறகுதான் பொலிசுக்கு விண்ணப்பிக்கலாம். சில வாரங்கள் எடுக்கும். செப்டெம்பரில் தொடங்கவேண்டுமானால் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது "எந்த உதவியும் செய்வேன்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் கதிரை அடுக்கவும் வாசலில் பேர் பதியவும் விடுவார்கள், ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். "ஆறாம் வகுப்புக் கணிதம், ஒவ்வொரு வியாழனும் நாலரையிலிருந்து ஆறு வரை, எனக்கென்று மூன்று பிள்ளைகள், கிறிஸ்மஸ் வரை" என்று கேளுங்கள். ஒரே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதுதான் முக்கியம். ஒரு இடம் போதும். முதல் மாதத்திலேயே கோவில், ஊர்ச்சங்கம், உணவு வங்கி, நடன வகுப்பு என்று ஐந்தில் பெயர் கொடுப்பவர்கள் குளிர் வந்ததும் ஐந்தையும் விட்டுவிடுகிறார்கள்.

போவதற்கு முன் ஒன்ராறியோவின் கணிதப் பாடத்திட்டத்தைப் படியுங்கள், இணையத்தில் இலவசம். தொடக்கப்பள்ளிக்கு 2020இல் புதியது வந்தது, கணினி நிரல் எழுதுவதும் பணம் கையாளுவதும் கணிதத்துக்குள் வந்துவிட்டன. 2021இலிருந்து ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கணிதம். 3, 6, 9 ஆம் வகுப்புகளில் மாகாணப் பரீட்சை. ஊரில் நாங்கள் விடைக்கும் வழிமுறைக்கும் புள்ளி போடுவோம். இங்கே "ஏன் அப்படி?" என்று படத்தாலும் வசனத்தாலும் பிள்ளை விளக்கவேண்டும். ஊர் முறையில் நெடும்பிரித்தலை வேகமாகப் போட்டுக் காட்டினால், பிள்ளை வகுப்பில் படித்ததையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். முதலில் "உன் ரீச்சர் எப்படிச் சொல்லித் தந்தா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் இதுதான். வந்த புதிதில் வங்கிக்கும் டொக்டருக்கும் பிள்ளைகள்தான் எங்களுக்காகக் கதைக்கிறார்கள், தாய்க்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் மெல்ல வளரும். வாரத்தில் இரண்டு நாள் கணிதக் கொப்பியோடு நீங்கள் மேசையில் இருந்தால் அந்த எண்ணம் வேர்பிடிக்காது.

இனி அனுமதி. ஒன்ராறியோவில் அரசுப் பள்ளிகளில் படிப்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது ஆசிரியர்களை ஒழுங்குபடுத்தும் சபை. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் இரண்டும் பார்ப்பார்கள். உங்களிடம் கல்வியியற் கல்லூரி டிப்ளோமா மட்டும் இருந்தால் நேரே போக முடியாது, பட்டம் இங்கேயோ தொலைக்கல்வியிலோ முடிக்கவேண்டி வரும். அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள், மூன்றாம் வருடத்தில் தெரியவருவது பெரிய அடி. பட்டமும் பட்டப்பின் டிப்ளோமாவும் இருந்தால் வழி திறந்திருக்கிறது.

குடிவரவுக்குச் செய்யும் பொதுவான கல்வி மதிப்பீடு இதற்கும் போதும் என்று பலர் நினைத்துக் காசு கட்டுகிறார்கள். ஆசிரியர் சபை தன் மதிப்பீட்டைத் தானே செய்யும். பெறுபேற்றுப் பத்திரங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அங்கே போகவேண்டும், உங்கள் கையால் கொடுப்பதை ஏற்கமாட்டார்கள். பிந்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஊரில் உங்களுக்காகப் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போகக்கூடிய ஒருவரைப் பிடித்து, கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் கொடுத்துவையுங்கள். பெயரையும் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டத்தில் முதலெழுத்துகள், கடவுச்சீட்டில் கணவர் பெயர் என்று எங்கள் பத்திரங்கள் மூன்று விதமாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்ற சத்தியக்கடதாசியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஆசிரியப் பயிற்சி தமிழ்மொழியில் என்றால் ஆங்கிலப் பரீட்சையும் உண்டு. ஐஈஎல்ரிஎஸ் (IELTS) ஆங்கிலப் பரீட்சையின் அகடமிக் வகையில் மொத்தம் 7, எழுத்திலும் பேச்சிலும் 7, வாசிப்பிலும் கேட்டலிலும் 6.5 கேட்கிறார்கள். எழுத்தில்தான் பலர் 6.5இல் நிற்கிறார்கள். இலக்கணம் சரியாக இருந்தும் கேட்ட கேள்விக்கு நேரே பதில் வராததே பெரும்பாலும் காரணம். 40 நிமிடத்தில் 250 சொல் என்று கடிகாரம் வைத்து, திருத்தித்தர ஒருவரோடு பழகுங்கள். பெறுபேறு 2 வருடம்தான் செல்லும், ஆகவே பத்திரங்கள் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுங்கள். நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு லிங்க் ஆங்கில வகுப்பு இலவசம், சில இடங்களில் சிறுபிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இருக்கும். இதற்கெல்லாம் எங்கே போவது என்று 211 என்ற சமூக சேவைத் தகவல் எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம். நூலகங்களில் புதிதாக வந்தவர்களுக்கு உதவ இருக்கும் குடியேற்ற அலுவலர்களையும் கேளுங்கள், ஸ்காபரோவில் தமிழ் கதைப்பவர்களும் கிடைப்பார்கள்.

தனியார் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தோ, சொந்தக்காரர் சொன்னார் என்றோ பராமரிப்பாளர் படிப்புக்குக் காசு கட்டாதீர்கள். முதியோரைப் பார்ப்பது அருமையான வேலை, அதை விரும்புகிறவருக்கு. நீங்கள் அடையாளம் போட்ட இரண்டில் அது இல்லையென்றால், பெட்டிக்குப் பதில் இன்னொரு களைப்புத்தான் வரும்.

இரவுச் சிப்டைப் பற்றியும் சொல்லவேண்டும். டிசெம்பரில் ரொறன்ரோவில் சூரியன் மாலை 4.40 அளவில் போய்விடும். காலை எட்டுக்குப் படுத்து மூன்றுக்கு எழும்பினால் ஒன்றரை மணி நேரம்தான் வெளிச்சம், அதையும் பேஸ்மென்டுக்குள் கழித்தால் ஒன்றும் இல்லை. எழும்பியதும் சமையலுக்கு முன் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பின்னேரச் சிப்டுக்கோ பகலுக்கோ மாற இப்போதே பெயர் கொடுங்கள், மணிக்கு ஒரு டொலர் குறைந்தாலும் பரவாயில்லை. முதல் குளிர்காலத்தில் "திரும்பிப் போவதா" என்ற முடிவை எடுக்கவேண்டாம், மே மாதம் வரை தள்ளிவையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை, சாப்பாடு இரண்டும் குழம்பி, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அது நோக்கம் தேடும் விடயம் தாண்டிவிட்டது. குடும்ப டொக்டரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். ஒன்ராறியோவில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அரசு செலவில் உளவியல் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, அதற்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் எந்த நேரமும் 988 என்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. சம்பளமற்ற விடுமுறையில் வந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. அப்படியென்றால் அது முடியும் திகதியைப் பாருங்கள். சேவையில் பெயர் இருக்கும்போதே வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சேவைக்காலக் கடிதத்தை ஆங்கிலத்தில், தலைப்புத் தாளில், படிப்பித்த பாடமும் வகுப்புகளும் திகதிகளும் போட்டு எடுத்துவிடுங்கள். சேவையை விட்ட பிறகு அதைக் கேட்டு எடுப்பது மிகவும் கடினம்.