பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கேள்வி: 2011 ஆகஸ்டில் பதிவு செய்த 1,100 சிசி பெட்ரோல் கார் என்னிடம் இருக்கிறது. அப்போதைய அடிப்படை மாடல் என்பதால் ஏர்பேக் கிடையாது. வரும் ஆகஸ்டில் ஆர்.சி. காலாவதியாகிறது. பட்டறையில் சஸ்பென்ஷனுக்கு 14,000, கிளட்சுக்கு 9,000, ஏசி கம்ப்ரசருக்கு 19,000, ரேடியேட்டருக்கு 6,000 என 48,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் வியாபாரி வண்டியை 1,10,000 ரூபாய்க்குக் கேட்கிறார். பாதி விலையைப் பழுதுக்குக் கொட்டுவதைவிடக் கடன் வாங்கிப் புது வண்டியே எடுத்துவிடலாம் என்பது மகனின் கட்சி. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மதுரைக்குப் போய் வருவதையும் சேர்த்து 350 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. வங்கி வைப்பில் 4 லட்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தொட்டால் விற்றுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு வியாபாரிக்குப் பொருந்தும். தொடர்ந்து ஓட்டப்போகிறவருக்குப் பொருந்தாது. நீங்கள் ஒப்பிட வேண்டியது, இந்த வண்டியை இன்னும் ஐந்தாண்டு வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவையும், அதே ஐந்தாண்டுக்கு வேறொரு வண்டிக்கு ஆகும் மொத்தச் செலவையும்தான்.

முதலில் புது வண்டியைப் பார்ப்போம். ஷோரூம் விலை 6 லட்சம் என்று கொண்டால், தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடப்பிலுள்ள 13 சதவீத ஆயுள் வரி மட்டும் 78,000 ரூபாய். இது வண்டியை விற்கும்போது தனியாகத் திரும்பி வராத பணம். 5 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாயும், மொத்த வட்டி 1,23,000 ரூபாயும் ஆகும். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணை ஐந்தாம் ஆண்டின் முடிவில் வண்டியின் மதிப்பைப் பாதியாக்கிவிடுகிறது. அங்கே 3 லட்சம் கரைகிறது. ஆக, பெட்ரோலும் காப்பீடும் இல்லாமலேயே 5 லட்சம்.

உங்கள் வண்டிக்குக் கையிலிருந்து ஆகும் செலவு இன்றைய பழுது 48,000, பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000, அடுத்த நான்காண்டுகளுக்கு ஆண்டுக்கு 30,000 எனத் தாராளமாகவே ஒதுக்கும் பராமரிப்பு 1,20,000. ஐந்தாண்டுக்குப் பின் வண்டி ஒன்றுமே பெறாது என்று வைத்து அந்த 1,10,000 ரூபாயையும் நட்டத்தில் எழுதினால்கூட மொத்தம் 2,83,000 ரூபாய்தான். பழையது லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் புதியது 19 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலில் மிச்சமாவது ஆண்டுக்கு 8,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவராக இருந்தால் இந்த மிச்சம் ஆண்டுக்கு 34,000 ரூபாயை எட்டும், பழைய வண்டியின் தேய்மானமும் கூடும்; அவருக்கு உங்கள் மகனின் வாதமே சரி. உங்களுக்கு அது கடன் வாங்கித் தேடிக்கொள்ளும் சுமை.

இத்தோடு பதிலை முடித்திருப்பேன், அந்த மதுரைப் பயணம் இல்லாவிட்டால். உங்கள் 350 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஊருக்குள் ஓடுவதன்று. நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடுவது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அப்போது விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. நீங்கள் நெடுஞ்சாலையில் போகும் வேகம் 64-ஐ விடக் கூடுதலாகவே இருக்கும். திடீரென அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதலும், முன்பக்க இரண்டு ஏர்பேக் 2021 முடிவு முதலும்தான் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாயின. கம்ப்ரசரும் கிளட்சும் மாற்றுவதால் இந்தக் குறை தீராது.

ஆகவே நான் சொல்லும் வழி மூன்றாவது ஒன்று: 2022 அல்லது அதற்குப் பின் தயாரான செகண்ட் ஹேண்ட் காரைக் கடனில்லாமல் வாங்குங்கள். ஆயுள் வரியையும் முதல் சில ஆண்டுகளின் பெரும் தேய்மானத்தையும் வேறொருவர் சுமந்து முடித்திருப்பார். 3,90,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்தாண்டு கழித்து 2 லட்சத்துக்கு விற்பதாகவும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 15,000 ஆவதாகவும், பழைய வண்டியை விற்ற பணம் போக வைப்பிலிருந்து எடுக்கும் 2,80,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி போவதாகவும் கணக்கிட்டு, பெட்ரோல் மிச்சத்தைக் கழித்தால், பழையதை வைத்துக்கொள்வதைவிட ஐந்தாண்டில் 40,000 ரூபாய் சொச்சம்தான் கூடுதல். காப்பீட்டில் இன்னும் கொஞ்சம் கூடலாம். மாதத்துக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாயில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடைப்பது மலிவு என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லிப் பழைய வண்டிகளின் விலையிலும் தாராளமாகப் பேரம் பேசலாம். உங்கள் வண்டிக்கும் வியாபாரி இதையேதான் சொல்வார்.

வாங்கும் வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் பெயின்டின் பளபளப்பை நம்ப வேண்டாம். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டையும், பானட்டைத் திறந்து சஸ்பென்ஷன் பொருந்தும் மேல்முனையையும், கதவுக்கடியில் ஓடும் ரன்னிங் போர்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே துரு பொருக்குத் தட்டி உதிர்ந்தால் டிங்கரிங் செய்து மூடிக் கொடுப்பார்களே தவிர, வண்டியின் வலு திரும்பி வராது. எஞ்சின் ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பழைய வண்டியை விற்பதாக முடிவு செய்தால் ஆர்.சி. காலம் மீதமிருக்கும்போதே விற்றுவிடுங்கள். கம்ப்ரசருக்குப் பணம் போடாதீர்கள், அது விலையில் திரும்பாது. இதுவரை காப்பீட்டுக் கோரிக்கை எதுவும் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி உங்களுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. அதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்கி அடுத்த வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மதுரைக்கு இனிப் பேருந்திலேயே போய்வரலாம் என்று முடிவெடுத்தால் கணக்கு அடியோடு மாறும். அப்போது இந்த வண்டியையே சரிசெய்து ஊருக்குள் ஓட்டலாம்; சஸ்பென்ஷனும் கிளட்சும் ரேடியேட்டரும் முதலில், ஏசி பிறகு. ஆர்.சி. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பித்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டினால் மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது; 2025 ஆகஸ்டு அறிவிக்கையின்படி 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 10,000. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு ஆனாலே ஓட்டக் கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்காக வந்த உத்தரவு. தகுதிச் சோதனையில் தேறும் சொந்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் வயதை மட்டும் வைத்துத் தடை இல்லை.

கேள்வி: 2006-ஆம் ஆண்டுக் காரைப் பழைய இரும்புக் கடைக்காரர் 30,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும், ஆர்.சி. புத்தகத்தை அப்படியே கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்படிக் கொடுக்காதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. உடைக்கத்தான் வாங்குகிறேன் என்றவர் வண்டியை ஓட்ட விட்டு, அது யார் மீதாவது மோதினால், நீதிமன்ற அறிவிப்பு திண்டுக்கல் முகவரிக்குத்தான் வரும். ஓட்டுவதற்கு விற்பதானால் 29, 30 படிவங்களில் கையெழுத்திட்டதோடு நில்லாமல், பெயர் மாறிவிட்டதா என்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். உடைப்பதற்கானால் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்றிதழ் பெறுங்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநில அரசு சலுகை தரவும் மத்திய விதிகளில் இடமுண்டு. மையம் தரும் விலை கடைக்காரர் சொன்னதைவிடக் குறைவாக இருந்தாலும் அங்கேயே கொடுங்கள். வண்டியின் பேரில் பழைய வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால், படிவம் 35-உடன் அதை முதலில் நீக்க வேண்டும்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என் 2014 காரைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். இதற்காக வண்டியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: இது ஒன்றுக்காக மாற்ற வேண்டியதில்லை. இதற்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதல்தான். 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அடுத்த சர்வீசில் எரிபொருள் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் பார்க்கச் சொல்லி, வெடிப்போ ஊறலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.