அப்புச்சியின் பீரோவில் ஒரு நிக்கான் எஃப்3

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். அவர் பீரோவில் ஒரு நிக்கான் எஃப்3 கிடைத்தது. மற்ற எஃப்3 கேமராக்களில் இருக்கும் செல்ஃப் டைமர் இதில் இல்லை. ஃப்ளாஷ் மாட்டும் ஷூ, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் தலையில் இருக்கிறது. யாராவது பிரித்து மாற்றிவிட்டார்களா? விற்கலாமா, படம் எடுக்கலாமா?"

மாற்றியிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. நீங்கள் சொல்வது எஃப்3பி-யின் அடையாளம். 1980இல் வந்த எஃப்3-யைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தேவைக்கேற்ப மாற்றி, நிக்கான் தனியாகச் செய்து கொடுத்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) அது.

ஷூ ஏன் மேலே போனது? சாதாரண எஃப்3-யில் ஃப்ளாஷ் ரீவைண்ட் குமிழின் மேல் உட்காரும். ரோல் தீர்ந்தால் ஃப்ளாஷைக் கழற்றினால்தான் ஃபிலிமைச் சுற்றி எடுக்க முடியும். மேடையில் மாலை போடும் நேரத்தில் ரோல் தீர்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்புச்சிக்குத் தெரிந்திருக்கும்! அவசரத்தில் கை தவறுதலாகப் படக்கூடிய செல்ஃப் டைமர், ஒரே ஃப்ரேமில் ஒன்றுக்கு மேல் படம் எடுக்க உதவும் மல்டிபிள் எக்ஸ்போஷர் லீவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தூசியும் தண்ணீரும் போகாமல் ஷட்டர் பட்டனுக்கு ரப்பர் மூடி வைத்தார்கள். ரேக்ளா பந்தயத்தின் புழுதியில் நின்று படம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

ஆனால் ஷூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஃப்3-யின் வ்யூஃபைண்டர் கழற்றி மாட்டக்கூடியது, வேறு பாடியிலிருந்து வந்திருக்கலாம். அதனால் பாடியைச் சோதியுங்கள். இரண்டு எல்ஆர்44 பட்டன் செல் போட்டு, ஃபிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து வைத்து, ஷட்டரை 1 விநாடியில் அமைத்து அழுத்துங்கள். ஃபிலிம் எண்ணும் கவுண்டர் முதல் ஃப்ரேமுக்கு வரும்வரை சாதாரண எஃப்3 நீங்கள் வைத்த வேகத்தைக் கேட்காது, 1/80 விநாடியில் டக்கென்று மூடிவிடும். எஃப்3பி முழு விநாடியும் திறந்திருக்கும். ரோலின் தொடக்கத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு ஃப்ரேமையும் வீணாக்காமல் எடுக்க அந்த ஏற்பாடு. சோதிக்கும்போது ஷட்டர் திரையில் விரல் படவே கூடாது. டைட்டானியத் தகடுதான் என்றாலும் மெல்லியது, நசுங்கினால் நிமிர்த்த முடியாது.

இதைவிட அரியவையும் உண்டு. அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா செய்த எம்3டி மொத்தமே நான்கு. அதில் ஒன்று 2012இல் வியன்னா ஏலத்தில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. உங்களுடையது அந்த ரகம் இல்லை. எஃப்3பி கொஞ்சம் அதிகமாகவே செய்யப்பட்டது, விலையை நிலைமைதான் தீர்மானிக்கும். அதற்காகப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து பித்தளை தெரிவது உங்கள் அப்புச்சி கை பட்ட தடம், வாங்குபவரும் அதை மதிப்பார்.

என்னைக் கேட்டால் விற்க வேண்டாம், எடுங்கள். அதற்கு முன் லென்ஸைக் கழற்றி, உள்ளே தெரியும் கண்ணாடிக்கு மேலிருக்கும் ஃபோம் பட்டையைப் பாருங்கள், பிசுபிசுத்திருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் படம் எடுத்திருந்தால் பஞ்சுத் தூசி உள்ளே இருக்கலாம், பம்பால் மெல்ல ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். வால்பாறை, ஊட்டி போய் வந்தால் ஈரம் போகும்வரை சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். லெதர் கேஸில் போட்டுப் பூட்டினால் பூஞ்சையை நீங்களே வளர்க்கிறீர்கள்.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து' என்ற பெயருள்ள ஃபிலிம் ரோல் ஏதாவது அதே பீரோவில் கிடக்கலாம். பயன்படுத்தியதா இல்லையா என்று தெரியாமல் டப்பாவிலிருந்து ஃபிலிமை இழுத்துப் பார்க்காதீர்கள். கறுப்பு வெள்ளை கழுவத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள், உள்ளே அவர் எடுத்த படம் இருக்கலாம்.